கழுவிய தண்ணீர் எங்கே போகிறது

என் அத்தான் ஸ்காபரோவில் கடைத்தொகுதிகளைக் கழுவுகிறார். ஒரு வான், அதன் பின்னால் இழுபடும் ட்ரெய்லர், ட்ரெய்லரில் இரண்டு பெரிய தொட்டிகள், தண்ணீரைச் சுடவைக்கும் டீசல் கொதிகலன், பம்பு, சுருட்டிவைத்த நீண்ட ரப்பர் குழாய். இவ்வளவும்தான் அவருடைய கொம்பனி. இரவு பத்து மணிக்குக் கடைகள் பூட்டிய பிறகு தொடங்கி, பேக்கரிக்காரர் வந்து கதவு திறப்பதற்கு முன் முடிக்க வேண்டும். ஏப்ரலில் பனி கரைந்ததும் தொடங்கும் வேலை, குழாயில் தண்ணீர் உறையும் காலம் வந்ததும் நின்றுவிடும்.

நான் கணினி ஆலோசகன். பட்டமேற்படிப்புக்கென்று இந்த நாட்டுக்கு வந்து, வங்கிகளுக்கும் காப்புறுதி நிறுவனங்களுக்கும் மென்பொருள் வேலை செய்து இருபது வருடங்களாகின்றன. அத்தான் தொழில் தொடங்கியபோது வேலை அட்டவணையையும் கொட்டேசன் படிவத்தையும் நான்தான் செய்துகொடுத்தேன். அந்தப் படிவத்தில் ஐந்தாவது வரி 'கழுவுநீர் சேகரிப்பு'. விலையைக் குறைக்கச் சொல்லும் வாடிக்கையாளர்கள் முதலில் விரல் வைப்பது அந்த வரியில்தான். "உது என்னத்துக்கு? தண்ணி தானே, ஓடிப் போயிடும்" என்பார்கள்.

ஓடித்தான் போகிறது. எங்கே போகிறது என்பதுதான் பிரச்சினை.

எங்களவர்களின் பிளாசாக்களை எல்லோருக்கும் தெரியும். முன்பக்கம் நகைக்கடை, புடவைக்கடை, வருமான வரி செய்துதருபவர், பல் வைத்தியர், இரண்டு டேக் அவுட் கடை. பின்பக்கம் வேறு உலகம். கொத்து ரொட்டியும் ரோல்ஸும் பொரிக்கும் சமையலறைகளின் கதவுகள் அங்கேதான் திறக்கின்றன. பாவித்த எண்ணெயை ஊற்றும் இரும்புப் பெட்டி, குப்பைத் தொட்டிகள், மரக்கறிப் பெட்டிகள், சிகரெட் கட்டைகள். எண்ணெய்ப் பெட்டியைச் சுற்றிச் சீமெந்துத் தரை கறுத்து, வழுக்கி, வெயிலில் மணக்கும். முன்பக்கத்தில் வாகனங்களிலிருந்து சொட்டிய ஓயில், பிறேக்கிலிருந்து உதிர்ந்த செம்புத்தூள், ரயர் தேய்ந்த துகள், குளிர்காலம் முழுவதும் கொட்டிய உப்பும் மணலும். ஒரு வருடத்து வியாபாரம் தரையில் படிந்து கிடக்கும்.

அத்தானின் இயந்திரம் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 லீற்றர் தண்ணீரை அடிக்கும். ஒரு மணித்தியாலத்துக்கு 900 லீற்றர். ஐந்து மணித்தியாலம் நின்று அடித்தால் 4,500 லீற்றர். கழுவி முடிந்ததும் தரை புதிதாகத் தெரியும். ஆனால் அந்தக் கறுப்பில் ஒரு துளியும் அழிந்துபோவதில்லை. தரையில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது இப்போது தண்ணீரில் மிதக்கிறது. சும்மா விட்டால் அது சரிவு பார்த்து ஓடி, வாகனத் தரிப்பிடத்தின் நடுவில் இருக்கும் இரும்புக் கம்பி மூடிக்குள் இறங்கிவிடும்.

அந்த மூடிக்குக் கீழே இருப்பது மழைநீர்க் குழாய். ரொறன்ரோவின் பழைய நகர்ப்பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகும் இடங்கள் இன்னும் உண்டு. பெருமழைக்கு அவை நிரம்பி வழிவது அந்தப் பகுதிகளின் தனிக்கதை. ஸ்காபரோவின் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கட்டப்பட்டது. இங்கே பெரும்பாலும் குழாய்கள் இரண்டு. கழுவுதொட்டியிலும் கழிவறையிலும் இறங்குவது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. கம்பி மூடிக்குள் இறங்குவது சுத்திகரிப்பு எதையும் பார்க்காமல் பக்கத்து ஓடைக்குப் போகிறது. மூடிக்குக் கீழே சிறு குழி ஒன்று உண்டு. மணலும் கல்லும் அதில் தங்கும். எண்ணெயும் சவர்க்காரமும் தங்காது. எங்கள் பக்கத்தில் அந்த ஓடையின் பெயர் ஹைலண்ட் கிறீக். ஸ்காபரோவின் நடுவால் வளைந்து வந்து ஒன்ராறியோ ஏரியில் விழுகிறது.

இலையுதிர்காலத்தில் மோர்னிங்சைட் பூங்காவுக்குப் போனவர்கள் அந்த ஓடையில் சால்மன் மீன்கள் ஏறுவதைப் பார்த்திருப்பார்கள். முழங்கால் ஆழமில்லாத தண்ணீரில், கையளவு நீளமுள்ள மீன் கல்லோடு உரசி, வால் அடித்து, எதிர்நீச்சலில் மேலே போகும். சினூக் சால்மன். ஆதியில் இந்த ஏரிக்குச் சொந்தமானது அத்திலாந்திக் சால்மன். அணைகளாலும் மரம் வெட்டியதாலும் அளவில்லாமல் பிடித்ததாலும் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அது இந்த ஏரியில் இல்லாமல் போயிற்று. இப்போது ஏறுவது பசுபிக் கரையிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மீனின் வம்சம். வந்து குடியேறிய மீன் என்பதாலோ என்னவோ, எங்களவர்கள் அதைப் பார்க்கக் குடும்பத்தோடு போகிறார்கள்.

சவர்க்காரத் தண்ணீர் மீனுக்கு என்ன செய்யும்? தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவை மீன் செவுளால் எடுக்கிறது. செவுளின் மேல் மெல்லிய வழுவழுப்புப் படலம் உண்டு. எண்ணெயைக் கரைக்கும் சவர்க்காரம் அந்தப் படலத்தையும் கரைக்கும். போத்தலில் 'இயற்கையில் மக்கக்கூடியது' என்று எழுதியிருப்பதைக் காட்டிப் பலர் வாதாடுவார்கள். மக்கும் என்றால் நுண்ணுயிர்கள் அதைச் சில நாட்களில் தின்று முடிக்கும் என்று அர்த்தம். தின்னும்போது அவை தண்ணீரின் பிராணவாயுவையும் சேர்த்து எடுக்கும். ஓடைக்குள் விழும் முதல் மணித்தியாலத்தில் அது சவர்க்காரம்தான்.

சுவர்ப் பாசிக்கும் கூரைக்கும் அடிக்கும் குளோரின் கரைசல் இன்னும் மோசம். மிகச் சிறிய அளவே மீனைக் கொல்லப் போதும். இரசாயனம் எதுவும் சேர்க்காத வெறும் குழாய்த் தண்ணீரும் குற்றமற்றதல்ல. ரொறன்ரோ குழாய்த் தண்ணீரில் கிருமி வராமல் குளோரமின் சேர்க்கிறார்கள். நாங்கள் குடிக்கலாம், மீனுக்கு ஆகாது. வீட்டில் மீன்தொட்டி வைத்திருக்கும் எந்தப் பிள்ளையும் இதைச் சொல்லும்; தண்ணீர் மாற்றும்போது மருந்துத் துளி விட்டுத்தான் ஊற்றும்.

ரயர்த்தூளைப் பற்றி 2020இல் வெளியான ஓர் ஆய்வு முடிவும் உண்டு. அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில், மழைக்குப் பின் நகர ஓடைகளில் கோஹோ சால்மன்கள் முட்டையிட முன்னரே செத்து மிதந்தன. பல வருடங்கள் தேடிய பிறகு காரணம் பிடிபட்டது. ரயர் வெடிக்காமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள், காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி-குயினோன் ஆக மாறுகிறது. அதுதான் கொன்றிருக்கிறது. சினூக் அதைக் கோஹோவைவிட நன்றாகத் தாங்குகிறது. ஆனாலும் வாகனத் தரிப்பிடத்துக் கறுப்புத் தூசி வெறும் தூசி என்று இனி யாரும் சொல்ல முடியாது.

சரியாகச் செய்வது எப்படி என்பதை அத்தானோடு சில சனி இரவுகள் போய்ப் பார்த்திருக்கிறேன். முதல் ஒரு மணித்தியாலம் தண்ணீர் திறப்பதே இல்லை. கூட்டுவார்கள். சூயிங்கத்தைச் சுரண்டுவார்கள். ஓயில் சிந்திய இடத்தில் பூனைத் தொட்டிக்குப் போடும் களிமண் குறுணியைத் தூவி, சப்பாத்தால் தேய்த்து, ஊறவிட்டு, கூட்டி அள்ளி வாளியில் போடுவார்கள். "தண்ணி படாமல் எடுக்கிற ஊத்தைதான் மலிவான ஊத்தை" என்பது அத்தானின் கணக்கு. தண்ணீரில் கலந்த பிறகு ஒரு கைப்பிடி ஊத்தை நூறு லீற்றர் ஊத்தையாகிவிடும்.

பிறகு கம்பி மூடிகளின் மேல் தடித்த ரப்பர் பாயை விரித்து ஒட்டவைப்பார்கள். சரிவின் அடிப்பக்கத்தில், மண் நிரப்பிய நீளப் பைகளால் வாய்க்காலுக்கு வரம்பு கட்டுவதுபோல் ஒரு சின்ன அணை. அதற்குப் பிறகுதான் இயந்திரம். தரைக்கு நேரே துப்பாக்கிபோல் அடிப்பதில்லை. தாச்சியைக் கவிழ்த்து வைத்ததுபோன்ற வட்டத் தட்டு ஒன்று. அதற்குள் இரண்டு முனைகள் சுழன்று தண்ணீரை அடிக்கும். விளிம்பில் ரப்பர் பட்டை. மேலே உறிஞ்சிக் குழாய். அடிக்கும் தண்ணீரைத் தட்டே உறிஞ்சி இரண்டாவது தொட்டிக்கு அனுப்பிவிடும். தப்பி ஓடுவது அணையில் தேங்கும். அங்கே ஒரு சின்னப் பம்பு காத்திருக்கும்.

அதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. பல கொம்பனிகள் எண்ணெயை மட்டும் உறிஞ்சும் பஞ்சு உருளைகளை வடிகால் வாயைச் சுற்றி வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்பார்கள். தண்ணீரின் மேல் மிதக்கும் எண்ணெயை அந்தப் பஞ்சு பிடிக்கும், உண்மைதான். ஆனால் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் சேர்ந்து எண்ணெயை நுண்துளிகளாக உடைத்துப் பால்போல் ஆக்கிவிடும். பால் பஞ்சுக்குள் நிற்காது. நன்றாகக் கழுவக் கழுவ, பஞ்சின் காவல் தளர்ந்துகொண்டே போகும். ஆகவே சமையலறைப் பின்புறத்துத் தண்ணீரை வடிகட்டி விடலாம் என்ற கதைக்கே இடமில்லை. முழுவதையும் ஏற்றித்தான் ஆகவேண்டும்.

ஏற்றிய தண்ணீரை மணல் அடியில் படியவிட்டு, அளவுகள் சரியென்றால், சொந்தக்காரரின் அனுமதியோடு கட்டடத்தின் உள்ளே இருக்கும் கழிவுநீர்க் குழாய்க்கு விடலாம். அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். எண்ணெய் கூடினால் உரிமம் பெற்ற கழிவு வண்டியைக் கூப்பிட வேண்டும். அதற்குத் தனிக் காசு.

காசு என்றதும் மறுபடியும் ஐந்தாவது வரிக்கு வந்துவிட்டோம். தண்ணீரைச் சேகரித்தால் ஆள் ஒன்று கூட, நேரம் ஒன்றரை மடங்கு, உறிஞ்சியும் தொட்டியும் பராமரிக்கும் செலவு வேறு. இரவில் வந்து அடித்து, கம்பி மூடிக்குள் விட்டுவிட்டுப் போகிறவர்கள் அத்தானின் விலையில் மூன்றில் இரண்டு பங்குக்குச் செய்கிறார்கள். காலையில் பார்த்தால் இரண்டு தரையும் ஒன்றுபோலத்தான் பளிச்சிடும். வாடிக்கையாளர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத வேலைக்கு விலை கேட்பது எவ்வளவு கடினம் என்று மென்பொருள் பாதுகாப்பில் வேலை செய்கிற எனக்கு நன்றாகவே விளங்கும்.

சட்டம் இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. ரொறன்ரோ நகராட்சிக் கோவையின் 681ஆம் அத்தியாயம் குழாய்களைப் பற்றியது. கழிவுநீர்க் குழாய்க்குள் விடும் தண்ணீரில் ஒரு லீற்றருக்கு 350 மில்லிகிராம் வரை மிதக்கும் துகள் இருக்கலாம். மழைநீர்க் குழாய்க்குள் 15 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. கொட்டைப்பாக்களவு மண்ணை ஒரு பெரிய தொட்டியில் கலக்கினாலே அந்த அளவு தாண்டிவிடும். அதற்கு மேல் கனடாவின் மீன்வளச் சட்டம். அதன் 36ஆம் பிரிவு, மீன் வாழும் தண்ணீருக்கும் அதைச் சேரும் இடங்களுக்கும் கேடான பொருளை விடுவதைத் தடுக்கிறது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஒரு பிளாசாவின் பின்புறத்தில் யார் வந்து நிற்கப்போகிறார்கள்? சட்டம் பிடிக்கும் என்ற பயத்தில் மட்டும் நடக்கிற காரியமல்ல இது.

போன வருடம் எங்கள் பக்கத்துப் பிளாசா ஒன்றில் இந்த விவகாரம் வாக்கெடுப்புக்கு வந்தது. அங்கே ஒவ்வொரு கடையும் ஒவ்வொருவருக்குச் சொந்தம். பத்தொன்பது பேர் கூடி முடிவெடுக்க வேண்டும். அத்தானுக்கு அது பெரிய ஒப்பந்தம். போனால் அந்தக் கோடையில் ஓர் ஆளை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். மலிவான கொட்டேசன் ஒன்று ஏற்கனவே மேசையில் இருந்தது. "நீ படிச்சனி, நீ வந்து கதை" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

நான் கொண்டுபோன படங்களையும் சட்ட இலக்கங்களையும் யாரும் அவ்வளவாகக் கேட்கவில்லை. பலசரக்குக் கடை ஐயா ஒருவர், எழுபது வயது தாண்டியவர், பேசாமல் இருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, அந்தக் கம்பி மூடிக்குக் கீழ போற தண்ணி பிறகு எங்க போகுது?"

நான் சொல்வதற்கு முன் வேறொருவர் சொன்னார்: "சுத்திகரிக்கிற இடத்துக்குத்தான் ஐயா. அதுக்குத்தானே வரி கட்டுறம்."

"இல்லை ஐயா, நேரே ஹைலண்ட் கிறீக். அங்கயிருந்து ஏரி" என்றேன்.

"ஏரித் தண்ணிதானே எங்களுக்குக் குழாயில வாறது?"

"ஓம்."

அவர் சிறிது நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "அப்ப உது கிணத்தடி விசயம்" என்றார்.

அதற்குப் பிறகு அங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு ஆறு தெரியாது, கிணறு தெரியும். சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கும் குடாநாடு அது. பெய்கிற மழை கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, நிலத்தடியில் தேங்கி, கிணற்றில் ஊறுகிறது. மழை இறங்கும் வழியால் மற்றதும் இறங்கும். அதனால்தான் கிணற்றுக்குக் கட்டு வைத்து, சுற்றிச் சீமெந்து போட்டு, குளிக்கிற தண்ணீரும் உடுப்புத் தோய்க்கிற தண்ணீரும் வாய்க்காலால் ஓடி வாழைக்கும் தென்னைக்கும் போகும்படி வைத்திருந்தார்கள். கிணற்றுக் கட்டில் சவர்க்காரம் வைத்தால் அம்மா கத்துவா. எந்த அத்தியாயமும் பிரிவும் அவவுக்குத் தெரியாது. பின்னேரம் அந்தக் கிணற்றில் அள்ளித்தான் உலை வைக்க வேண்டும் என்பது தெரியும்.

அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் சுன்னாகமும் நினைவிருந்தது. 2014இலும் 2015இலும் மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. சனம் வாளியோடு தண்ணீர் வண்டிக்கு வரிசையில் நின்றது. 2019இல் இலங்கை உயர் நீதிமன்றம், மின்நிலைய நிறுவனம் 2 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கிணற்றில் ஒருமுறை எண்ணெய் ஊறினால் எவ்வளவு காசு கொடுத்தும் அடுத்த நாள் அதை வெளியே எடுக்க முடியாது என்பதை அங்கிருந்த பாதிப்பேர் ஊருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டு அறிந்தவர்கள்.

ஏரி கிணறு அல்ல, மிகப் பெரியது. எங்கள் பிளாசாவின் 4,500 லீற்றரை அது கவனிக்கவே போவதில்லை. எஃப். ஜே. ஹோர்கன் நீர் சுத்திகரிப்பு நிலையம் ஸ்காபரோவின் கிழக்குக் கரையில்தான் ஏரித் தண்ணீரை எடுத்துச் சுத்தம் செய்து எங்களுக்கு அனுப்புகிறது. குடிக்கிற தண்ணீர் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஓடை ஏரியைப்போல் பெரியதல்ல. மழையில்லாத ஜூலை இரவில், முழங்கால் ஆழத்துக்குச் சுருங்கிய ஹைலண்ட் கிறீக்கில் அந்தப் பாலெண்ணெய்த் தண்ணீர் விழுந்தால், அங்கே இருக்கிற மீனுக்கு ஒதுங்கிப்போக இடமில்லை. மழைக்காலத்து ஊத்தைக்காவது கூடவே நிறைய மழைநீர் ஓடும். கழுவுநீர் தனியாக வரும்.

கூட்டத்தை முடித்துவைத்தவர் வருமான வரி செய்பவர். "மூன்றில் இரண்டு பங்கு விலைக்கு வருடம் மூன்று தரம் கழுவினால் எவ்வளவு, முழு விலைக்கு இரண்டு தரம் கழுவினால் எவ்வளவு?" என்று கேட்டார். இரண்டும் ஒரே தொகை. மே மாதம் உப்பு மணல் போக ஒரு தரம், செப்டெம்பரில் ஒரு தரம். இடையில் வாராவாரம் தண்ணீரில்லாமல் கூட்டுவது. ஒவ்வொரு சமையலறைக் கதவுக்குப் பின்னாலும் களிமண் குறுணி வாளி ஒன்று. எண்ணெய்ப் பெட்டியை மூடிவைப்பது. பதினொன்றுக்கு எட்டு என்று நிறைவேறியது. எட்டுப் பேர் எதிர்த்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அவர்களில் ஒருவர் பிறகும் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை.

எங்கள் பிளாசாவால்தான் ஓடையில் மீன் ஏறுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. குளிர்காலம் முழுவதும் தெருவில் கொட்டும் உப்பு அதே குழாயால் அதே ஓடைக்குப் போகிறது; அதை உறிஞ்ச எந்த இயந்திரமும் இல்லை. பெரிய தவறுகள் பெரிய இடங்களில் நடக்கின்றன. ஆனால் இது கையில் பிடிக்கக்கூடிய தவறு. இரவு எத்தனை மணிக்கு, எந்த மூடிக்குள், எத்தனை லீற்றர் என்று எண்ணிச் சொல்லலாம்.

இதை வாசிப்பவர்களில் கடை வைத்திருப்பவர்கள், பிளாசாவில் பங்கு உள்ளவர்கள், கோயில் நிர்வாகத்திலும் மாடிக்குடியிருப்பு நிர்வாகத்திலும் இருப்பவர்கள் பலர் இருப்பீர்கள். கழுவ வருகிறவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். முதலில் கூட்டுவீர்களா? வடிகால் வாயை எதனால் மூடுவீர்கள்? தண்ணீரை எதில் ஏற்றுவீர்கள்? ஏற்றியதை எங்கே விடுவீர்கள், அதற்குச் சிட்டை காட்டுவீர்களா? நான்காவது கேள்விக்கு உடனே பதில் வந்தால் மற்ற மூன்றுக்கும் பதில் சரியாகத்தான் இருக்கும்.

ஐந்தாவது வரியை இப்போது படிவத்திலிருந்து வெட்ட முடியாதபடி அத்தான் மாற்றச் சொன்னார், மாற்றிக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கோடையில் அதனால் இரண்டு பிளாசாக்கள் கைவிட்டுப் போயின. ஒன்று புதிதாக வந்திருக்கிறது.